ஹால் முதல் காலி டப்பா வரை: எந்த அழகு வீடியோவை நம்பி வாங்கலாம்?

சன்ஸ்கிரீனோ லிப்ஸ்டிக்கோ வாங்குவதற்கு முன் யூடியூபிலும் இன்ஸ்டாவிலும் ஒரு தடவை தேடிப் பார்ப்பது இப்போது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. தேடினால் ஒரே பொருளுக்கு ஏழெட்டு விதமான வீடியோ வரும். ஒருவர் பார்சலைப் பிரிக்கிறார். ஒருவர் முன்கையில் கோடு இழுத்துக் காட்டுகிறார். ஒருவர் பூசிக்கொண்டே கல்யாணத்துக்குக் கிளம்புகிறார். ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு லேபிளைப் படிக்கிறார். எல்லாவற்றையும் நாம் பொதுவாக 'ரிவ்யூ' என்று சொல்லிவிடுகிறோம். அங்கேதான் காசு வீணாகிறது. ஒவ்வொரு வகையும் வேறு ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நம்முடைய கேள்வி அதுவாக இல்லாவிட்டால் எவ்வளவு நேர்மையாக எடுத்த வீடியோவும் உதவாது.

நான் இவற்றைத் தரம் பிரிப்பது ஒரே ஒரு விஷயத்தை வைத்து. கேமரா முன் உட்கார்ந்து பேசும்போது அந்தப் பொருள் அவரிடம் எவ்வளவு நாளாக இருந்தது? காசு கொடுத்து வாங்கினாரா, கம்பெனி அனுப்பியதா என்பதை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

ஹாலா, காலி டப்பாவா?

தள்ளுபடி சீசன் வந்தால், வாங்கிக் குவித்ததை மொத்தமாகப் பிரித்துக் காட்டும் 'ஹால்' (haul) வீடியோக்கள் வரிசைகட்டும். நவம்பரில் அழகுப் பொருள் விற்கும் நைக்கா தளத்தின் பிங்க் ஃப்ரைடே தள்ளுபடி விற்பனை நேரத்தில் பார்த்தால் தெரியும். மேசை நிறைய டப்பாக்கள், ஒவ்வொன்றாகப் பிரித்து, முகர்ந்து, மூடியைத் திறந்து காட்டி அடுத்ததுக்குப் போவார்கள். இதிலிருந்து தெரிந்துகொள்ளக்கூடியவை சில உண்டு. 30 மில்லி பாட்டில் உண்மையில் எவ்வளவு சின்னது, பம்ப் வைத்ததா டிராப்பரா, காலாவதித் தேதி எவ்வளவு கிட்டத்தில் இருக்கும் சரக்கை அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் நல்ல தகவல்தான். பொருள் எப்படி என்று மட்டும் தெரியாது, ஏனென்றால் அவருக்கே இன்னும் தெரியாது. விற்பனை முடிவதற்குள் வீடியோ வெளியாக வேண்டும். கீழே கொடுத்திருக்கும் அஃபிலியேட் லிங்க் வழியாக நாம் வாங்கினால் அவருக்குக் கமிஷன் கிடைக்கும். இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன், அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆனால் பொருளைப் பூசிப் பார்க்க இந்த அவசரத்தில் நேரமே கிடையாது.

இதற்கு நேர் எதிர் காலி டப்பா வீடியோ. ஆங்கிலத்தில் 'எம்ப்டீஸ்' என்பார்கள். முழுசாகத் தீர்த்த பாட்டில்களை ஒரு பையில் சேர்த்து வைத்து, மாதத்துக்கு ஒருமுறையோ வருடக் கடைசியிலோ கொட்டிப் பேசுவது. பார்க்க அழகாக இருக்காது. நசுங்கிய டியூப், கிழிந்த லேபிள். கம்பெனிகளுக்கும் இதில் பெரிய ஆர்வம் இல்லை. ஆனால் சருமத்துக்கும் தலைமுடிக்கும் எதையாவது வாங்கப் போகிறீர்கள் என்றால் இதைவிட நல்ல வகை கிடையாது.

காரணம், கடைசிக் கால் பாட்டிலில்தான் பொருளின் குணம் தெரியவரும். விட்டமின் சி சீரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரிக்கும்போது தண்ணீர் மாதிரி இருக்கும். அதில் இருப்பது சுத்தமான அஸ்கார்பிக் அமிலம் என்றால், காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டு மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். பழுப்பானால் அது பெரும்பாலும் வேலை செய்யாத சீரம். ஹால் வீடியோவில் தண்ணீராகத் தெரிந்த அதே பாட்டில், நம் ஊர் வெயிலில் டிரெஸ்ஸிங் டேபிள் மேல் இருந்தால் எத்தனை வாரம் தாங்கும் என்று தீர்த்தவர்தான் சொல்ல முடியும். பம்ப் அடியில் தங்கியதை இழுக்காது, டியூபை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது, ஷாம்பு முதல் இரண்டு வாரம் பிரமாதம் அப்புறம் முடி வறண்டது என்பதெல்லாம் இங்கேதான் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'மறுபடி வாங்குவேனா' என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். "நல்லாதான் இருந்தது, ஆனா மறுபடி வாங்க மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால் நான் வீடியோவை நிறுத்தி, ஏன் என்று சொல்வதைக் கவனமாகக் கேட்பேன்.

குறை இல்லாமல் இல்லை. மேக்கப் பொருள்களை யாரும் அவ்வளவு சீக்கிரம் தீர்ப்பதில்லை. பன்னிரண்டு நிற ஐஷேடோ பேலட் காலியாகி நான் பார்த்ததே கிடையாது. ஒருவர் தீர்த்து முடிப்பதற்குள் கம்பெனி சேர்மானத்தை மாற்றிவிடவும் கூடும்.

முதல் நாள் கருத்தா, நாள் முழுக்கச் சோதனையா?

சருமப் பொருளுக்கு 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்' எடுப்பதே அர்த்தமில்லாத வேலை என்பது என் கருத்து. தோலின் மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ரெட்டினால் (விட்டமின் ஏ வகை) மாதிரியான பொருளின் பலன் தெரிய மூன்று மாதம் வரை பொறுக்க வேண்டும். பூசிய அரை மணியில் தெரியும் 'க்ளோ', அதில் இருக்கும் கிளிசரினும் எண்ணெய்ப் பசையும் தருகிற பளபளப்புதான். தேங்காய் எண்ணெய் தடவினாலும் அது வரும்.

மேக்கப்புக்கு முதல் நாள் கருத்து ஓரளவு பயன்படும், ஆனால் 'வேர் டெஸ்ட்' பக்கத்தில் வைத்தால் நிற்காது. காலையில் பூசி, மாலையில் அதே ஜன்னல் ஓரத்தில் அதே முகத்தைக் காட்டுவதுதான் வேர் டெஸ்ட். கண்மைக்கு இது ரொம்ப முக்கியம். 'ஸ்மட்ஜ் ப்ரூஃப்' என்று எழுதாத கண்மையே இன்று இல்லை. காலை ஒன்பது மணிக்கு எல்லாமே கறுப்பாக, கூர்மையாக இருக்கும். சென்னையில் மதியம் மூன்று மணிக்குக் கீழிமைக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் விழுந்திருக்கிறதா என்பதுதான் விஷயம். நல்லவர்கள் நிலவரத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். ஏசி அறையிலா, பேருந்திலா, ஹெல்மெட் போட்டு ஸ்கூட்டியிலா? ஹெல்மெட் வார் தாடையில் ஃபவுண்டேஷனை ஒரு கோடாகத் துடைத்துவிடும், அதை மறைக்காமல் காட்டுகிறவரை நம்பலாம். லிப்ஸ்டிக் என்றால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். தண்ணீர் குடித்துக் காட்டுவது போதாது. ஒட்டாத, நகராத லிக்விட் லிப்ஸ்டிக்கையும் எண்ணெய் கரைத்துவிடும். பிரியாணிக்குப் பிறகு உதட்டின் உள்விளிம்பு வெளிறிப்போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

டுடோரியலா, கெட் ரெடி வித் மீயா?

இது சீக்கிரம் முடிகிற கணக்கு. அமெரிக்க யூடியூபர் மிஷெல் ஃபான் 2007-இல் யூடியூபில் மேக்கப் பாடம் போடத் தொடங்கிய காலத்திலிருந்து டுடோரியலின் வேலை ஒன்றுதான், கைக்குப் பழக்குவது. பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது, ஐலைனரை எங்கே தொடங்குவது என்று கற்றுக்கொள்ளலாம். அவர் வைத்திருக்கும் அதே பொருள் நமக்குத் தேவையே இல்லை. கெட் ரெடி வித் மீ, அதாவது வெளியே கிளம்பத் தயாராகிக்கொண்டே பேசுவது, ஒரு பேச்சுத் துணை. காலேஜ் கதை, மாமியார் கதை, நடுவில் மேக்கப்புக்கு அடியில் பூசும் ஒரு ப்ரைமர். பொழுதுபோக்காகப் பார்க்கலாம், எனக்கும் பிடிக்கும். ஆனால் விளம்பரத்தை விளம்பரம் என்று தெரியாமல் நுழைக்க இதைவிடத் தோதான இடம் இல்லை, நம் கவனம் கதையில் இருப்பதால்.

அதனால் 'இது விளம்பரம்' என்று சொல்லும் லேபிளைத் தேடுங்கள். இந்தியாவில் விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கி, 2021 ஜூன் முதல் காசு வாங்கியோ இலவசமாகப் பொருள் வாங்கியோ போடும் பதிவில் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் இதற்கென வழிகாட்டி வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. ஹேஷ்டேக் குவியலுக்கு நடுவே கடைசியில் ஒளித்து வைத்த 'ஆட்' (ad, விளம்பரம்) என்ற சொல் விதிப்படி செல்லாது.

ஸ்வாட்ச்: நிறம் வாங்குகிறவர்களுக்கு

லிப்ஸ்டிக், ஃபவுண்டேஷன், கன்சீலர் என்று நிறம் சம்பந்தப்பட்ட எதற்கும் பத்து நிமிட ரிவ்யூவைவிட அரை நிமிட ஸ்வாட்ச், அதாவது தோலில் கோடு இழுத்து நிறத்தைக் காட்டுவது, மேல். ஆனால் யார் தோலில், எந்த வெளிச்சத்தில் என்பது முக்கியம். பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 2017-இல் 40 ஷேடுகளோடு ஃபவுண்டேஷன் இறக்கிய பிறகுதான், கறுத்த தோலுக்கு ஷேடு எங்கே என்ற கேள்வி பெரிய கம்பெனிகளை உறுத்தத் தொடங்கியது. இன்றும் வெளுத்த கையில் இழுத்த கோடுகள்தான் விற்பனைப் பக்கங்களில் அதிகம். அதைப் பார்த்து, தோல் நிறத்தை ஒட்டியது என்று விற்கும் ஒரு 'நியூட்' லிப்ஸ்டிக் வாங்கினால், மாநிறத்திலும் கறுப்பிலும் உதடு சாம்பல் பூத்தது போல் ஆகும். அந்த ஷேடுகளில் வெளிர்நிறம் வருவதற்காகச் சேர்க்கும் வெள்ளை நிறமிதான் காரணம். நம் உதட்டுக்கென்று ஏற்கெனவே ஒரு பழுப்போ ஊதாவோ இருக்கிறது, அதன் மேல்தான் இந்த நிறம் உட்கார வேண்டும். ஆகவே லிப்ஸ்டிக்குக்குக் கை ஸ்வாட்ச் போதாது, உதட்டில் பூசிக் காட்டியதைத் தேடுங்கள்.

ரிங் லைட் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் வேண்டும். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு ஷேடைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. ஃபவுண்டேஷன் என்றால் பூசியவுடன் காட்டியதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பல ஃபவுண்டேஷன்கள் சிறிது நேரத்தில் ஒரு படி கறுக்கும்.

நம் தோல் நிறத்தில், நம் வெயிலில் ஸ்வாட்ச் போடும் சின்னச் சேனல்கள் தமிழில் இருக்கின்றன. பார்வை எண்ணிக்கை குறைவாக இருக்கும். அவர்களைத் தேடிப் பிடித்துத் தொடர்ந்து பாருங்கள், தயவுசெய்து.

வீட்டுக் குறிப்பா, டாக்டர் வீடியோவா?

தமிழில் அதிகம் பேர் பார்ப்பது வீட்டுக் குறிப்புதான். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கடலை மாவும் தயிரும் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் செய்யாது. எலுமிச்சைச் சாறு அப்படி இல்லை. முகத்தில் பூசி வெயிலில் போனால் கொப்புளம் வந்து, ஆறிய இடம் கறுத்து நிற்கலாம். சமையல் சோடாவின் பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) 8-க்கு மேல், தோலுடையது 5 பக்கம். தோலின் இயல்பான பாதுகாப்பையே அது கலைத்துவிடும். பிறந்த குழந்தைக்கே 'கலர் ஏற' குறிப்பு சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அதைவிட ஆபத்து, 'ஏழு நாளில் வெள்ளை' என்று வாட்ஸ்அப் எண் கொடுத்து விற்கும் லேபிள் இல்லாத க்ரீம்கள். இவை சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதலில் முகம் தெளியும், நிறுத்தியதும் சிவந்து, எரிந்து, பரு கிளம்பி, தோல் மெலிந்துபோகும். சிலவற்றில் பாதரசம். கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களை விசாரித்ததில், அவர்கள் இப்படிப்பட்ட வெளுப்பு க்ரீம்களைப் பூசியிருந்தது 2023-இல் வெளியே வந்தது. இந்த வகை வீடியோவை எதனோடும் ஒப்பிட வேண்டியதில்லை. ரிப்போர்ட் அடித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

டாக்டர் வீடியோ பக்கம் போனால், பெயருக்குப் பின்னால் தோல் மருத்துவப் பட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்பதும் தோல் மருத்துவரும் ஒன்றல்ல. சொந்த பிராண்டு விற்கிறாரா என்பதையும் பாருங்கள். லேபிள் படிக்கும் வீடியோக்களால் நல்ல பயன் உண்டு. சேர்மானங்கள் அளவு வரிசையில் எழுதப்படும், 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம் என்று தெரிந்தால், முகப்பில் பெரிதாக எழுதிய பொருள் பட்டியலில் வாசனைத் திரவியத்துக்கும் பின்னால் கிடப்பதைக் கண்டுபிடிக்கலாம்.

ஆனால் லேபிளுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 2020 டிசம்பரில் கொரியாவின் பியூரிட்டோ சன்ஸ்கிரீன் விவகாரம் வெடித்தது. எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 50+ என்று விற்றது, ஆய்வகச் சோதனையில் 19 பக்கம்தான் வந்தது. அதுவரை எத்தனையோ பேர் பூசி, லேபிள் படித்துப் பாராட்டிய பொருள் அது. எஸ்பிஎஃப் எண்ணை எந்த வீடியோவும் சோதிக்க முடியாது. வெள்ளை பூக்கிறதா, வியர்த்தால் கண்ணில் இறங்கி எரிகிறதா என்று மட்டும்தான் சொல்ல முடியும். சன்ஸ்கிரீன் வீடியோவிடம் அதை மட்டும் கேளுங்கள்.

மணப்பெண் 'பிஃபோர் ஆஃப்டர்'

இருப்பதிலேயே அதிகக் காசு இழுக்கும் வகை இது, ஏனென்றால் இதைப் பார்த்துத்தான் ஆயிரக்கணக்கில் முன்பணம் கட்டுகிறார்கள். 'பிஃபோர்' டியூப் லைட்டில், எண்ணெய் வழியும் முகத்தோடு, சிரிக்காமல். 'ஆஃப்டர்' ரிங் லைட்டில், நெத்திச்சுட்டியோடு, ஸ்லோ மோஷனில், இரண்டு ஷேடு வெளுத்து. பிரிட்டனில் 2021-இலேயே விளம்பர ஒழுங்குமுறை அமைப்பு, பொருளின் பலனை மிகைப்படுத்திக் காட்டும் ஃபில்டரை அழகு விளம்பரங்களில் போடக்கூடாது என்று சொல்லிவிட்டது. இங்கே விதியை நம்பிக் காத்திருக்க முடியாது, முகூர்த்தம் நெருங்கிவிடும்.

இதற்குப் போட்டியாக வைக்கக்கூடியது, மண்டபத்தில் உறவினர் யாரோ போனில் எடுத்த எடிட் செய்யாத வீடியோ. மேக்கப் கலைஞரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். விடியற்காலை இரண்டு மணிக்குப் போட்ட மேக்கப், ஹோமப் புகையும் வியர்வையும் தாண்டி எட்டு மணிக்கு எப்படி இருந்தது என்று அதில் தெரியும். முகத்தைப் பார்ப்பதற்கு முன் கழுத்தையும், மருதாணி வைத்த கையையும் பாருங்கள். மூன்றும் ஒரே பெண்ணுடையவையாகத் தெரிய வேண்டும். உங்கள் நிறத்தில் இருக்கும் மணப்பெண்ணின் வீடியோ ஒன்றுகூட அவரிடம் இல்லையென்றால், வேறு ஒருவரைத் தேடுங்கள்.