கேபிவியா, பிபிசி-157ஆ? குடல் அழற்சிக்கும் தோல் அழற்சிக்குமான இரு பெப்டைடுகள்

குடலுக்கும் தோலுக்கும் நல்லவை என்று விற்கப்படும் பெப்டைடுகளில் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள்) கேபிவியும் பிபிசி-157உம் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைப் பயன்படுத்தலாம் என்பது போலப் பேசப்படுகின்றன. இரண்டும் செயல்படும் விதம் வேறு என்பதால் இந்தக் குழப்பத்தை நீக்குவது அவசியம்.

கேபிவி என்பது லைசின், புரோலின், வாலின் ஆகிய மூன்றே அமினோ அமிலங்களால் ஆனது. நம் உடலில் சுரக்கும் ஆல்ஃபா-எம்எஸ்எச் என்ற ஹார்மோனிலுள்ள 13 அமினோ அமிலங்களில் கடைசி மூன்று இவை. அந்த ஹார்மோன் அழற்சியைத் தணிப்பதோடு தோலின் நிறத்தையும் கருக்கச் செய்யும். நிறத்தை மாற்றும் பகுதி அதன் நடுவில் அமைந்திருப்பதால், கேபிவியில் அழற்சியைத் தணிக்கும் குணம் மட்டுமே எஞ்சுகிறது. தோல் சிகிச்சையில் இதை ஆராய்வதற்கு இதுவே வலுவான காரணம்.

குடலில் இது செயல்படும் விதம் இன்னும் தெளிவானது. சிறு பெப்டைடுகளைச் செல்லுக்குள் கொண்டு சேர்க்கும் பெப்டி-1 என்ற கடத்திப் புரதம், நலமான பெருங்குடலில் மிகக் குறைவாகவும், அழற்சி கண்ட பெருங்குடலில் கூடுதலாகவும் காணப்படுகிறது. ஆகவே நோயுள்ள இடத்திலேயே கேபிவி அதிகமாக உள்ளே நுழைந்து, அழற்சியைத் தூண்டும் என்எஃப்-கப்பா-பி பாதையைத் தடுக்கிறது. 2008இல் வெளியான ஆய்வில், குடிநீரில் கலந்து கொடுக்கப்பட்ட கேபிவி சுண்டெலிகளின் பெருங்குடல் அழற்சியைக் குறைத்தது.

பிபிசி-157 என்பது 15 அமினோ அமிலங்கள் கொண்டது. குரோவேஷியாவின் ஜாக்ரெப் நகர ஆய்வுக் குழுவினரால் அறிமுகமானது. புதிய இரத்தக் குழாய்கள் உருவாவதை ஊக்குவித்து, இரைப்பைப் புண், தசைநார்க் காயம் போன்றவற்றை ஆற்றுவதாக எலிகளில் நடந்த ஏராளமான ஆய்வுகள் கூறுகின்றன. எண்ணிக்கையில் கேபிவியை இது மிஞ்சினாலும், அவற்றில் பெரும்பாலானவை அதே குழுவிலிருந்து வந்தவை என்பதால் அந்த எண்ணிக்கைக்கு நான் அவ்வளவு மதிப்புத் தர மாட்டேன். புற்றுநோய் உள்ளவருக்கு இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தூண்டுவது குறித்த கவலையும் உண்டு. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 2022 முதல் இதைத் தடை செய்துள்ளது.

அழற்சியே முதன்மைச் சிக்கல் என்றால் கேபிவியின் பின்னணி எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. காயம் ஆற்றுவதே நோக்கம் என்றால் பிபிசி-157இன் தரவு கூடுதல். ஆனால் மனிதர்களிடம் பயனை உறுதிப்படுத்தும் பெரிய சோதனை இரண்டுக்குமே இல்லை. மருந்தகங்கள் தயாரித்துக் கொடுப்பதில் பாதுகாப்பு ஐயம் உள்ள பொருட்களின் பட்டியலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023இல் இரண்டையுமே சேர்த்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற நாள்பட்ட பெருங்குடல் அழற்சி நோய் உள்ள ஒருவர், பல்லாண்டுகளாக மனிதர்களிடம் சோதித்துத் தேறிய மெசாலமைன் மாத்திரையை நிறுத்திவிட்டு, 'ஆய்வுக்கு மட்டும்' என்று ஒட்டப்பட்ட பெப்டைடு குப்பியை வாங்குவதற்கு இந்த ஆய்வுகளில் எந்த ஆதாரமும் கிடையாது.