லேப், ரேங்க்ட், நீண்ட செட்: அடிப்படை எதில் தேறும்?

ஃபைட்டிங் கேமில் அடிப்படை என்று பேசும்போது காம்போ (தொடர் அடி) அதில் சேராது. குதித்து வருபவரை வானத்திலேயே அடித்து இறக்கும் ஆன்டி-ஏர், எதிராளி வீசித் தவறவிட்ட அடியைத் தண்டிக்கும் விஃப் பனிஷ், பிடித்து எறியும் த்ரோவை உடைப்பது, பிளாக் செய்தபின் இது யார் முறை என்று தெரிந்து பட்டனை அழுத்துவது அல்லது அழுத்தாமல் இருப்பது, இடைவெளியைக் கையில் வைத்திருப்பது. அவ்வளவுதான். இவற்றை வளர்க்க வழி மூன்று. ட்ரெயினிங் மோடில் டம்மியோடு உட்காரலாம். எல்லோரும் லேப் என்று சொல்வது இதைத்தான். பாயின்டுக்காக ஆடும் ரேங்க்டில் கிடைத்தவரோடெல்லாம் மோதலாம். ஒரே ஆளோடு, யார் முதலில் 10 கேம் ஜெயிப்பது என்று நீண்ட செட் ஆடலாம்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. மற்ற இரண்டும் வேண்டாம் என்பதல்ல. அவற்றுக்குப் பலரும் கொடுக்கும் நேரம் அதிகம், இதற்குக் கொடுக்கும் நேரம் மிகக் குறைவு. கீழே வரும் ஃபிரேம் கணக்கெல்லாம் 2023-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஐ வைத்து. விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது ஒரு ஃபிரேம் 16.7 மில்லி விநாடி.

ரேங்க்டைப் பற்றி நீட்டத் தேவையில்லை. விதவிதமான ஆட்கள், விதவிதமான கேரக்டர், பாயின்ட் போய்விடுமோ என்ற படபடப்பு: மூன்றும் சேர்ந்து அங்கேதான் கிடைக்கும். குறை அதன் நீளத்தில். இரண்டு கேம் ஜெயித்தால் செட் முடிந்தது. முதல் கேமில் எதிராளியின் பழக்கம் லேசாகப் பிடிபடும். இரண்டாவதில் அதற்கு மருந்து யோசிப்பீர்கள். கொடுத்துப் பார்க்க மூன்றாவது கேம் வந்தால் உண்டு. போதாக்குறைக்கு, பாயின்ட் கண்ணெதிரே ஏறி இறங்கும் இடத்தில் புதிதாகக் கற்றதை யாரும் செய்து பார்ப்பதில்லை. ஆன்டி-ஏர் பழக வேண்டும் என்று உட்கார்ந்தவர் பத்தாவது நிமிடத்தில், விழுந்து எழும்போதெல்லாம் ஷோர்யூகென் (மேலே பாயும் குத்து) அடித்துக்கொண்டிருப்பார். ஜெயிக்கவும் செய்வார், அதுதான் கொடுமை.

ட்ரெயினிங் மோடைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கை பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் கோளாறு. டம்மியை ஒரே ஒரு முறை குதிக்க ரெக்கார்ட் செய்து, அதையே ஓடவிட்டு, இருபதுக்கு இருபது இறக்கிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். கற்றது தாளம்; பார்த்து அடிப்பது அல்ல.

ரெக்கார்டிங்கை இப்படி வையுங்கள். முதல் ஸ்லாட்டில் அரை விநாடி முன்னும் பின்னும் நடந்துவிட்டு முன்குதி, ஹெவி கிக். இரண்டாவதில் ஒன்றரை விநாடி நடை, பிறகு அதே குதி. மூன்றாவதில் நடந்து வந்து த்ரோ. நான்காவதில் தூரத்தில் நின்று எறியும் ஃபயர்பால். ஐந்தாவதில் வெறும் நடை மட்டும். ஐந்தையும் ரேண்டமாக ஓடவிடுங்கள். இதில் உயிர்நாடி அந்த வெறும் நடைதான். ஒன்றும் நடக்காதபோது உங்கள் கை ஷோர்யூகென் அடித்தால், நீங்கள் பார்க்கவில்லை, ஊகித்திருக்கிறீர்கள். 20 குதியில் 15-ஐ இறக்கி, வீண் ஷோர்யூகென் இரண்டைத் தாண்டாவிட்டால் போதும், லேபை மூடலாம்.

லேபிலேயே தீர்க்க வேண்டிய சில்லறைத் தொல்லைகளும் உண்டு. முன்னே நடந்துகொண்டே ஃபயர்பால் போட்டால் ஷோர்யூகென் வந்து தொலைக்கிறதா? முன்பக்கம் ஏற்கெனவே அழுத்தப்பட்டிருப்பதால், அதைத் தொடர்ந்து வரும் கீழ், முன் அசைவை கேம் முன், கீழ், முன் என்று படித்துக்கொள்கிறது. பின்பக்கத்திலிருந்து அரைவட்டமாகச் சுழற்றினால் ஃபயர்பால் ஒழுங்காக வரும். இதைக் கற்க எதிராளி தேவையில்லை, டம்மி போதும்.

மூன்றில் எது என்பதைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: பழகியதில் மேட்சுக்குள் எவ்வளவு மிஞ்சுகிறது?

டிரைவ் இம்பாக்டை, அதாவது எதிராளி அடியைத் தாங்கிக்கொண்டே பாயும் கவச அடியை, எடுத்துக்கொள்ளுங்கள். அடி வெளிவர 26 ஃபிரேம், கிட்டத்தட்ட 430 மில்லி விநாடி. கண்ணில் பட்டுக் கை அசைய 15 ஃபிரேம் என்று வைத்தாலும் 11 ஃபிரேம் மிச்சம் இருக்கிறது. லேபில் அதற்குப் பதில் இம்பாக்ட் கொடுப்பது யாருக்கும் முடியும், பத்துக்குப் பத்து. அதே ஆள் மேட்சில் கார்னரில் நின்று அதை வாங்கி, சுவரில் மோதிச் சரிகிறார். கண் மந்தமாகிவிடவில்லை. லேபில் அவர் காத்திருந்தது ஒன்றுக்கு. மேட்சில் குதி, த்ரோ, டிரைவ் ரஷ் (வேகப் பாய்ச்சல்), கீழடி, இம்பாக்ட் என்று ஐந்துக்கு. விளையாடுபவர்கள் மெண்டல் ஸ்டாக் என்பது இதைத்தான். அதோடு, இம்பாக்ட் கிளம்பிய கணத்தில் அவர் கை ஏதோ ஒரு பட்டனில் இருக்கும். அது கேன்சல் ஆகும், அதாவது பாதியில் விட்டு வேறு அசைவுக்கு மாறக்கூடிய, பட்டனாக இருந்து, இம்பாக்டின் கவசத்தில் பட்டால், அங்கிருந்தே எதிர் இம்பாக்டுக்குத் தாவலாம். கேன்சல் ஆகாத நீண்ட ஹெவி என்றால், பார்த்தும் பயனில்லை.

ஆன்டி-ஏர் தவறுவதும் பெரும்பாலும் இதே கதைதான், கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் புரியும். ஒரு முன்குதி கிளம்பித் தரை தொட 40 ஃபிரேமுக்குச் சற்று மேல் ஆகும். அதன் உதை உங்கள் தலையில் படுவது சுமார் 35-ஆவது ஃபிரேமில் என்று வையுங்கள். ரியூ என்ற கேரக்டரின் க்ரவுச் மீடியம் கிக் (குனிந்தபடி அடிக்கும் கீழ்க்கிக்) எட்டாவது ஃபிரேமில் வெளிவந்து, மொத்தமாக அடங்க 30 ஃபிரேம் அளவு எடுக்கும். எதிராளி கிளம்புவதற்கு 3 ஃபிரேம் முன்னால் அதை அழுத்தியிருந்தால், உடம்பு உங்கள் பேச்சைக் கேட்கும்போது 27 ஃபிரேம் ஓடியிருக்கும். மிச்சம் 8. வேகமான ஷோர்யூகென் மயிரிழையில் வரும். மெதுவான க்ரவுச் ஹெவி பஞ்ச் வராது. அழுத்தியது இன்னும் நீளமான ஹெவி என்றால் உதை நிச்சயம். ஆக ஆன்டி-ஏர் போனதற்குக் காரணம் ஆன்டி-ஏர் அல்ல, அதற்கு அரை விநாடி முன்னால் காற்றில் விசிறிய கீழ்க்கிக். டம்மியை எவ்வளவு குதிக்கவைத்தாலும் இது தெரியவராது. லேபில் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு குதிக்காகக் காத்திருந்தீர்கள் அல்லவா?

2004 எவோ போட்டியில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் III: தேர்ட் ஸ்ட்ரைக் ஆட்டத்தில், டைகோ உமேஹாரா ஜஸ்டின் வாங்கின் சன்-லீ சூப்பரை முழுக்கப் பாரி செய்ததை (அடி படும் கணத்தில் முன்னே தட்டித் தடுப்பதை) எல்லோரும் பார்த்திருப்பார்கள். அடுத்தடுத்து வரும் பாரியின் தாளத்தை யாரும் தனியாக உட்கார்ந்து பழகலாம். ஆனால், உயிர்க்கோடு துளியாகிவிட்ட தன் கேரக்டர் கென்னை, பிளாக் செய்தாலும் கசியும் அடியால் கொல்ல, அந்த இடத்தில் அந்த சூப்பர்தான் வரும் என்று முன்கூட்டியே நின்றது வேறு பாடம்.

நீண்ட செட் ஜெயிப்பது இங்கேதான். அதே ஆள், அதே கேரக்டர், அதே சூழல் மறுபடி மறுபடி வரும். எதிராளி ரவுண்டுக்கு 4 முறை குதிக்கிறார் என்று வைத்தால், 15 கேம் ஓடும் செட்டில் ஏறத்தாழ 37 ரவுண்டு, 150 குதி. ரேங்க்டில் அவரிடமிருந்து கிடைப்பது இருபத்துச் சொச்சம். 150-உம் முழு மெண்டல் ஸ்டாக்கோடு வருபவை. முக்கியமாக, எட்டாவது கேமில் செய்த தவற்றுக்கு ஒன்பதாவது கேமிலேயே மாற்று போட்டுப் பார்க்கலாம். மாற்றுக்கு எதிராளி மாற்றுப் போடுவதையும் பார்க்கலாம். ரேங்க்டில் அந்த இரண்டாவது படிக்கு ஆட்டம் போவதே அபூர்வம்.

ஆடும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. ஆளைத் தேர்வதில் முதல் கவனம்: நீங்கள் 10-க்கு 3-இலிருந்து 7 வரை எடுத்துத் தோற்கும் ஆள் வேண்டும். 10-0 என்று தோற்றால் நியூட்ரலே (இருவரும் சமநிலையில் இடைவெளிக்காக மோதுவது) நடக்காது, கார்னரில் உட்கார்ந்து எழுவதோடு சரி. 10-2 என்று ஜெயித்தால் உங்கள் ஓட்டைகளைத் தொட அவரால் முடியவில்லை என்று பொருள். அடுத்து, ஒரு செட்டுக்கு ஒரே வேலை. இன்று ஆன்டி-ஏர் என்றால் ஆன்டி-ஏர். த்ரோ வாங்கினால் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கோரைத் தனியாக, குதி எத்தனை, இறக்கியது எத்தனை என்பதைத் தனியாகக் குறியுங்கள். இந்த இரண்டாவது கணக்கு ஏறினால், 10-4 தோல்வியும் நல்ல நாள்.

ஐந்து கேமுக்கு ஒருமுறை நிறுத்தி, கடைசி ரீப்ளேயில் தவறிய இரண்டு குதியை மட்டும் பாருங்கள். குதியைப் பார்க்காதீர்கள், அதற்கு 30 ஃபிரேம் முன்னால் போய், உங்கள் இன்புட் வரிசையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பட்டன் இருந்தால் மருந்து வேறு: அந்தத் தூரத்தில் கீழ்க்கிக்கைக் குறைக்க வேண்டும். பட்டன் இல்லாமலும் தவறியிருந்தால்தான் அது ரியாக்‌ஷன் பிரச்சினை, லேபுக்குத் திரும்புங்கள்.

பிறகு, கேளுங்கள். "எதைப் பார்த்துக் குதிச்சீங்க?" என்றால், "நீங்க ஃபயர்பால் போட்டா அடுத்தது எப்பவும் இன்னொரு ஃபயர்பால்தானே" என்று பதில் வரும். எந்த ஃபிரேம் டேட்டாவிலும் கிடைக்காத தகவல் இது. த்ரோவுக்கும் இதே கேள்விதான். லேபில் த்ரோ உடைக்கும் டைமிங் பழகலாம். ஆனால் இரண்டு ஜாப் (லேசான குத்து) பிளாக் செய்ததும் ஒவ்வொரு முறையும் நீங்கள் த்ரோ பட்டனைத் தொடுகிறீர்கள், அவர் ஒரு அடி பின்வாங்கி உங்கள் த்ரோவைக் காற்றில் விழவைத்து ஹெவியால் தண்டிக்கிறார் என்பதை எதிரே இருப்பவர்தான் சொல்ல முடியும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பெரிய ஆபத்து, ஆட்டத்தைக் கற்பதற்குப் பதில் ஆளைக் கற்றுவிடுவது. ஒருவரே தொடர்ந்தால் மூன்று நான்கு செட்டில் அவர் தோளசைவு தெரிந்ததுபோல் குதியை முன்கூட்டியே இறக்குவீர்கள். அந்நியரிடம் அது எடுபடாது. அதற்குத்தான் ரேங்க்ட்: நீண்ட செட் முடிந்த மறுநாள் 5 ரேங்க்ட் செட், அதே குதிக் கணக்கோடு. விகிதம் பாதிக்கு மேல் சரிந்தால் நீங்கள் தேர்ந்தது அந்த ஒருவரிடம் மட்டுமே. இன்னொன்று சூடு. தொடர்ந்து நாலு கேம் போனதும் கை பட்டனைக் கண்டபடி மேஷ் செய்யத் தொடங்கும்; அப்போது செட்டை முடிப்பதில் வீரம் எதுவும் இல்லை, ஐந்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு வரலாம்.

இணைப்பையும் பார்த்தாக வேண்டும், இரண்டு பக்கமும் கேபிள், வைஃபை வேண்டாம். எதிராளியின் அசைவை ஊகித்துக் காட்டிப் பிறகு திருத்தும் ரோல்பேக் நெட்கோடு தாமதத்தை மறைக்கிறது, ஒழிப்பதில்லை. பிங் 100 மில்லி விநாடி என்றால் ஒருவழிக்கு 50, அதாவது 3 ஃபிரேம். அதில் ஒரு பகுதி, எதிராளி அசைவின் முதல் ஃபிரேம்கள் திரையில் காணாமல் போவதாகவே வந்து சேரும். குதிக்கு அது தாங்கும். விஃப் பனிஷ் பழகும் செட்டுக்கு ஆகாது, கண்ணில் படும்போது அந்த அடி பாதி திரும்பியிருக்கும்.

இந்தக் கணக்கு 2டி ஆட்டத்துக்கு. டெக்கன் 8 மாதிரி 3டி ஆட்டத்தில் இதே அளவு அடித்துச் சொல்லத் தயக்கம் உண்டு. ஒரு கேரக்டருக்கே நூற்றுக்கு மேல் அசைவுகள். எந்த ஸ்ட்ரிங்கில் (அடி வரிசையில்) குனியலாம், எதை பிளாக் செய்தபின் 10 ஃபிரேம் ஜாபால் தண்டிக்கலாம் என்பது தெரியாமல் நீண்ட செட் ஆடினால், 15 கேமும் ஒரே அடியை வாங்கிக்கொண்டிருப்பீர்கள். அங்கே லேபின் பங்கு கூடும். ரீப்ளே ஓடும்போதே நிறுத்தி, அந்த இடத்திலிருந்து நீங்களே கன்ட்ரோலை எடுத்து மாற்றிப் பார்க்கும் வசதி டெக்கன் 8-இல் இருப்பதால், செட்டுக்கும் லேபுக்கும் நடுவே ஒரு பாலமும் கிடைக்கிறது. எடி, சியாவ்யூ போன்ற கேரக்டர்களோடு மோத உட்காரும் முன் அதில் அரை மணி நேரம் போடுவது வீணாகாது.

ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு, வாரத்துக்கு 6 மணி நேரம் கையில் இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: லேப் ஒன்று, அதையும் இருபது இருபது நிமிடமாக, செட்டுக்கு முன்னால், நீண்ட செட் மூன்றரை, முடிந்தால் இரண்டு வேறு ஆட்களோடு, ரேங்க்ட் ஒன்று, மிச்சம் அரை மணி ரீப்ளேக்கு. ஆள் கிடைக்காத வாரத்தில் கேஷுவல் மேட்சில் ரீமேட்ச் ஏற்றுக்கொள்பவர் ஒருவரைப் பிடித்து, அவர் போகும்வரை ஆடுங்கள். ஐந்தாறு கேம் தாண்டினாலே ரேங்க்டைவிட மேல்.