பிரச்சாரக் குரல் பதிவு: நல்ல கை, சுமாரான ஆட்டோ

2019 ஊராட்சித் தேர்தலில் அக்கா தலைவர் பதவிக்கு நின்றபோது, பக்கத்து டவுனில் ஒரு ரெக்கார்டிங் கடைக்குப் போனோம். நான் எழுதிக்கொண்டு போனது முழுக்க ‘மக்கள் சேவகி’, ‘ஏழைகளின் தோழி’. கடைக்கார அண்ணன் படித்துவிட்டு, “இதை யாருக்கு வேணும்னாலும் போடலாமே தம்பி. உங்க ஊர்ல என்ன குறை?” என்றார். வடக்குத் தெருக் குழாயில் தண்ணீர் வராததைச் சொன்னேன். அதையே முதல் வரியாக்கி, அப்புறம்தான் பெயரும் சின்னமும் வைத்தார்.

1967 தேர்தலில் தி.மு.க. சொன்ன ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ மனசில் நின்றதும் இப்படித்தான்: விலையும் அளவும் கண்ணுக்குத் தெரிந்தன. எங்கள் பதிவு ஊரில் ஒலித்த மறுநாளே குழாயடியில் பெண்கள் எங்கள் வரியைச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கடையில் பிரச்சாரத்துக்குத் தரும் ஆட்டோவில் ஸ்பீக்கர் சரியில்லை, பாதிச் சொல் இரைச்சலில் போனது. ஆட்டோவை வேறு இடத்தில் எடுங்கள். பதிவுக்கு அந்த அண்ணனிடமே போகலாம்.