ரங்கூன் வீட்டுத் தொட்டிக்கு எந்த மகசீர்?

ரங்கூனில் மீன் விற்பவர் டோர், நியோலிசோகிலஸ் என்ற இரண்டு வகை ஆற்றுக் கெண்டைகளின் குஞ்சையும் 'மகசீர்' என்றே தருவார். இரண்டுக்கும் பெரிய செதில், இரண்டு ஜோடி மீசை. பக்கவாட்டுக் கருங்கோட்டை மட்டும் நம்பாதீர்கள், டோர் குஞ்சுகள் சிலவற்றிலும் அது உண்டு. கண்ணாடியோடு கண்ணை ஒட்டி, வாயைக் கீழிருந்து பாருங்கள். கீழுதட்டின் நடுவில் சின்னதாக ஒரு சதைமடல் தொங்கினால் டோர். மடல் இல்லாமல், வாய் மழுங்கலாக இருந்தால் நியோலிசோகிலஸ். வளர்ந்ததில் கன்னத்தில் சொரசொரப்பான வெண்புள்ளிகளும் தட்டுப்படும். மிகச் சிறிய குஞ்சில் மடல் சரியாகத் தெரியாது, கொஞ்சம் வளர்ந்ததையே கேளுங்கள்.

டோர் இனங்களில் சில ஒரு மீட்டரையும் தாண்டும். இமயமலை ஆறுகளின் தங்க மகசீர் அழிவின் விளிம்பிலுள்ள பட்டியலில் இருக்கிறது. அதை வீட்டில் அடைப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை.

நியோலிசோகிலஸ் வகையில் ஒன்றான நியோலிசோகிலஸ் ஸ்ட்ராச்சி, மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1871இல் விவரித்த மீன். பர்மா ஆறுகளில் உள்ளது, சுமார் 60 செ.மீ. வரை வளரும். இதுவும் சின்னத் தொட்டிக்கு ஆகாது. அகலமான நீண்ட தொட்டி, வேகமான நீரோட்டம், துள்ளிக் குதிப்பதால் இறுக்கமான மூடி எல்லாம் வேண்டும். கரண்ட் போனால் முதலில் திணறுவது இதுதான், பேட்டரி ஏர்பம்பு வாங்கிவிட்டு மீனை வாங்குங்கள்.