காரைக்குடியில் நினைவு மலர்: அச்சகத்திடம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

மனைவியாக, ஆத்தாவாக, அப்பத்தாவாக, ஆயாவாக இருந்து மறைந்த ஆச்சிக்கு முதலாண்டு நினைவுநாளில் ஒரு மலர் போட நினைக்கும் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வீடுகளுக்காக இது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் சிறு அச்சகங்களில் பழைய படங்களை ஸ்கேன் செய்வது, தட்டச்சு, வடிவமைப்பு, அச்சு, பைண்டிங் எல்லாம் ஒரே விலையில் சேர்த்துக் கிடைக்கும். தனிக் கடை எதையும் இங்கே எடைபோடவில்லை. இந்தச் சேவை எங்கே உருப்படி, எங்கே சொதப்பல் என்பதுதான் பேச்சு. சுருக்கமாகச் சொன்னால், ஸ்கேனையும் பைண்டிங்கையும் நம்பிக் கொடுக்கலாம். எழுத்தைக் கொடுத்தால் கெட்டது.

முதலில் படங்கள். சட்டத்திலிருந்து படத்தைப் பிரிக்க அவசரப்படாத கடைதான் நல்ல கடை. வளவுச் (வீட்டு உள்முற்றத்துச்) சுவரில் பல வருஷம் தொங்கிய படத்தில் மழைக்கால ஈரம் ஏறி, படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஒட்டிய படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்க்க வேண்டும். அப்படி உட்காராவிட்டால், இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு வைத்து, நேர் மேலிருந்து கேமராவில் எடுக்கலாம். கேமராவைச் சுற்றிக் கருப்புத் துணி பிடித்தால் கண்ணாடியில் கேமராவின் பிம்பம் விழாது. கையகலப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெரிதாக்க 1200 வேண்டும். கருப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்; மஞ்சள் கறை தனியே பிரிந்து தெரியும், நீக்குவது சுலபம். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் படங்கள் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக வரட்டும். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். 6 அங்குல அகலத்தில் தெளிவாக அச்சாக 1800 பிக்சல் தேவை.

இப்போது ஏஐ மெருகேற்றலையும் இலவசமாகச் சேர்த்துத் தருகிறார்கள். வேண்டவே வேண்டாம். மங்கிய முகத்தை அது தெளிவாக்குவதில்லை, தானாக ஒரு முகத்தை வரைந்து வைக்கிறது. இரண்டு மூக்குத்தியில் ஒன்று காணாமல் போகும், வைரத் தோடு வேறெதுவோ ஆகும், தொங்கிய காது இறுகிவிடும். ஐயா (ஆச்சியின் கணவர்) மறைந்தபின் எடுத்த படமானால் நெற்றியில் இருக்கும் திருநீற்றை அழித்துக் குங்குமப் பொட்டு வைத்துவிடும். அந்தப் பக்கத்தை எந்த முகத்தோடு சபையில் விரிப்பது? கீறலும் கறையும் மட்டும் நீக்க வேண்டும், முகத்தைத் தொடக் கூடாது என்று ஆர்டர் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

எந்த வருஷத்துப் படம் என்று தெரியாதபோது நகையைப் பாருங்கள். கழுத்துரு (நகரத்தார் பெரிய தாலி) அன்றாடம் அணிவதில்லை. கழுத்தில் அது இருந்தால் பெரும்பாலும் கல்யாணம் அல்லது அறுபது சாந்தி. கல்யாணத் தேதியில் குழப்பம் வந்தால் பெட்டகத்தில் இசைகுடிமானம் (கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்த ஓலை அல்லது தாள்) இருக்கிறதா என்று தேடுங்கள், அதில் நாள் இருக்கும்.

அடுத்தது எழுத்து. ‘அன்பின் வடிவம், பண்பின் சிகரம், பாசத்தின் இமயம்’ என்று கடையில் ஒரு வார்ப்பு தயாராக இருக்கும். பெயரை மாற்றி அடுத்த வீட்டுக்கும் அதையே போடுவார்கள். கூடவே கணவரின் விலாசம் (பெயருக்கு முன்வரும் குடும்ப முன்னெழுத்துகள்), கோவில், மலாயா, பர்மாத் தொழில் என்று மூன்று பக்கம் ஓடும். ஆச்சியின் பிறந்த வீடு ஒரு வரியில்கூட இருக்காது. பிறந்த ஊர், பிறந்த வீட்டு விலாசம், நகரத்தார் குலப்பிரிவுகளுக்கான ஒன்பது நகரக் கோவில்களில் பிறந்த வீட்டுக்கு எது, இளையாத்தங்குடி, மாத்தூர் போலப் பிரிவு உள்ள கோவிலானால் எந்தப் பிரிவு, வீட்டில் கூப்பிட்ட பெயர் என்ன, இவையெல்லாம் முதல் பக்கத்தில் வர வேண்டியவை. பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவாகப் ‘பாட்டி’ என்று தட்டச்சு செய்துவிடுவார்கள். மகன் பிள்ளைகளுக்கு அப்பத்தா, மகள் பிள்ளைகளுக்கு ஆயா. அவரவர் எழுதிய குறிப்பில் அவரவர் முறைதான் நிற்க வேண்டும். பிள்ளை கூட்டிய (தத்தெடுத்த) வீடானால் வம்சப் பக்கத்தில் அந்த மகனை எங்கே காட்டுவது என்பதை அச்சகம் தீர்மானிக்கக் கூடாது. இரண்டு வீட்டாரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள், அச்சான பிறகு வரும் மனஸ்தாபம் லேசில் தீராது.

ஐயா இருக்கிறார் என்றால் அவர் பேச்சு கட்டாயம் வேண்டும். ஆனால் ‘ஆச்சி எப்படி இருந்தாங்க’ என்று கேட்டால் ‘நல்லவ’ என்பதோடு முடிந்துவிடும். ‘ஐயா, நீங்க பினாங்குல இருந்தப்ப வீட்டுச் செலவுக் கணக்கை ஆச்சி கடிதாசியில எப்படி எழுதுவாங்க’ என்று கேளுங்கள், கொட்டும். போனில் பதிவு செய்து, பேச்சு நடையைத் திருத்தாமல் எழுதுங்கள்.

மலரில் அதிகம் படிக்கப்படுவது சமையல் பக்கம்தான். அதிகம் கெடுவதும் அதுதான். வெள்ளைப் பணியாரத்துக்கு ஆச்சிமார் அளவு, ஆழாக்கில் (சிறு அளவுக் குவளையில்) பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே அரிசியின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பது. கோபுரம் சரியத் தொடங்கும் இடம்தான் அளவு. தட்டச்சில் இது ‘அரிசி 1 கப், உளுந்து தேவையான அளவு’ ஆகிவிடும். உளுந்து கூடினால் பணியாரம் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் விறைத்துப்போகும். ‘தேவையான அளவு’ என்று படிக்கிற பேத்தி இரண்டில் ஒன்றில்தான் மாட்டுவாள். ஆச்சி அளந்த அதே ஆழாக்கில் இரண்டையும் அளந்து, தராசில் வைத்து, கிராமில் எழுதுங்கள். ஒரே ஊறலாக ஊறவைத்து, மையாக அரைத்து, உப்போடு கொஞ்சம் பாலும் சர்க்கரையும் சேர்த்து, ஒரு கரண்டி மாவை ஒரே இடத்தில் ஊற்றி, அது எழும்பிய பிறகுதான் அடுத்தது என்பதையும் விடாமல் போடுங்கள். ஆழாக்கையும் ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் வைக்கலாம்.

மறைந்த நாளில் இன்னொரு சிக்கல். தினசரிக் காலண்டரில் அச்சாகியிருக்கும் திதி அன்று பாதியிலேயே முடிந்திருக்கலாம். உயிர் பிரிந்த நேரத்தில் நடந்த திதி எதுவோ அதுதான் கணக்கு. புரோகிதரிடம் நேரத்தைச் சொல்லி, தமிழ் வருடம், மாதம், பட்சம், திதி எல்லாம் கேட்டு எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத் தேதி மட்டும் போட்டால் அடுத்த தலைமுறைக்குத் திவசம் பார்க்க உதவாது.

தட்டச்சில் கடைகள் இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் வேலை செய்யும். நீங்கள் அனுப்பும் யூனிகோடை மாற்றும்போது ஸ்ரீ, ஔ, கிரந்த எழுத்துகள் உடையும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். திருத்தப்படியைக் கணினித் திரையில் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் தாளில் வாங்கி, பெயர்களை மட்டும் தனியாக ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள்.

பைண்டிங்கில் நம் பக்கத்துக் கடைகள் கெட்டி. நடுப்பின் (தாளை மடித்து நடுவில் பின் அடிப்பது) என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 130 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) ஆர்ட் தாளில் 48 பக்கத்துக்கு மேல் போனால் மலர் வாய் பிளந்து நிற்கும். அதற்கு மேல் போகிறதென்றால் வெறும் பசை பைண்டிங் வேண்டாம், வழுவழுத் தாளில் பசை சரியாகப் பிடிக்காது, நாலு தடவை விரித்தால் பக்கம் கையோடு வரும். தையல் போடச் சொல்லுங்கள். எழுத்துப் பக்கங்களை 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோவிலும் (பளபளப்பில்லாத சாதாத் தாள்) படங்களை மட்டும் மேட் ஆர்ட் தாளிலும் போட்டால் செலவும் குறையும், முதியவர்களுக்குக் கண்ணும் கூசாது. கருப்பு வெள்ளைப் படங்களை நாலு வண்ண மையில் அடித்தால் பச்சையோ சிவப்போ ஏறும். கருப்பு மை மட்டும் போதும்.

நூறு, இருநூறு பிரதி என்றால் டிஜிட்டல் அச்சு. அதற்கு மேல் வேண்டுமென்றால் மட்டும் ஆஃப்செட்டுக்கும் விலை கேளுங்கள், பிளேட் (அச்சுத் தகடு) செலவு அங்கேதான் கட்டுப்படியாகும். கருமாதிக்குள் மலர் முடிக்கிறேன் என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவசரத்தில் வருவது அந்த வார்ப்புதான். அன்றைக்கு ஒரு படமும் பெயரும் போட்ட மடிப்பு அட்டை போதும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் மூலப் படங்களை எண்ணி வாங்குங்கள், ஸ்கேன் கோப்புகளைத் தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவிலும் முழு மலரைப் பிடிஎஃப்பாகவும் பென்டிரைவில் கேளுங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் கணினியில் இடமில்லை என்று அழித்திருப்பார்கள்.