பெரிய அளவு அச்சுக்கான ஓவியங்களும் கிரிட்டா மென்பொருளும்

திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் பதாகையில் எவ்வளவு மங்கும் என்பதை முன்கூட்டியே காட்டித் தருவதற்காகவே, இலவசமாகக் கிடைக்கும் ஓவிய மென்பொருளான கிரிட்டாவை மனமாரப் பரிந்துரைக்கிறேன். அச்சில் நிறங்கள் எப்படி வரும் என்பதை விவரிக்கும், அச்சகம் தரும் ஐசிசி வண்ணக் கோப்பை ஏற்றி, அச்சு முன்தோற்ற வசதியையும் நிற எல்லை எச்சரிக்கையையும் இயக்கினால், திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் வரைந்துகொண்டிருக்கும்போதே அச்சின் நான்கு சிஎம்ஒய்கே மைகளுக்கு எட்டாத நிறங்களை அது அடையாளமிட்டுக் காட்டுகிறது. தொலைவிலிருந்து பார்க்கப்படும், 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட பதாகைக்கு அங்குலத்துக்கு 100 பிக்சல் பெரும்பாலும் போதும். அதுவே ஏறத்தாழ 9.3 கோடி பிக்சல் ஆகிவிடுவதால், ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்குகள் (லேயர்கள்) கூடக்கூட நினைவகம் குறைந்த கணினி திணறும். பிடிஎஃப் கோப்பாக நேரடியாக ஏற்றுமதி செய்ய இயலாதது உண்மையான குறை. ஓவியத்தை டிஃப் படக்கோப்பாகச் சேமித்து, எழுத்துகளைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸில் சேர்ப்பதே நல்லது. அங்கே எழுத்துகள் பிக்சல்களாக அல்லாமல் வெக்டராகவே, அதாவது கணித வடிவங்களாகவே, இருப்பதால் எந்த அளவிலும் கூர்மை குன்றாது.