ஆயிலை லேபுக்கு அனுப்பினேன், டிப்பர் இன்ஜின் தப்பித்தது

நாமக்கல் பக்கம் 12 சக்கர டிப்பர் ஒன்று வைத்திருக்கிறேன். கிரஷரில் எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றி ஓட்டுகிறோம். ஒன்றரை வருடமாக இன்ஜின் ஆயிலை சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பி டெஸ்ட் செய்கிறேன். இதுவரை 4 ரிப்போர்ட் வந்திருக்கிறது. கூரியர் சேர்த்து ஒரு தடவைக்கு 2,000 ரூபாய்க்குள் முடிகிறது. இந்தப் பணம் தண்டம் என்று பட்டறையில் பலர் சொன்னார்கள். இரண்டாவது ரிப்போர்ட்டுக்கு அப்புறம் யாரும் சொல்லவில்லை.

முதல் சாம்பிளில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இரும்பு 38 பிபிஎம், சிலிக்கான் 11, அலுமினியம் 4. அதாவது பத்து லட்சம் பங்கு ஆயிலில் 38 பங்கு இரும்பு பொடியாகக் கலந்து கிடக்கிறது. லைனர், கிராங்க், கேம் தேய்ந்து வருவது இந்த இரும்பு. குரோமியம் என்றால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங். ஈயமும் செம்பும் சேர்ந்து ஏறினால் பேரிங். சோடியம், பொட்டாசியம் ஏறினால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலிக்கான்தான் தூசி, என் மாதிரி கிரஷர் வண்டிக்காரன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இரண்டாவது சாம்பிள் வெறும் 9,000 கிலோமீட்டர் ஓடிய ஆயில். சிலிக்கான் 46, அலுமினியம் 14, இரும்பு 97. வண்டியில் ஒரு குறையும் தெரியவில்லை. புகை இல்லை, இழுவை குறையவில்லை, ஆயில் குடிக்கவும் இல்லை. மெக்கானிக் அண்ணன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஏர் பில்டர் புதுசு தானுங்க தம்பி, தூசி எங்கிருந்து வருது?" என்றார். லேபுக்கு போன் செய்தேன். சமீபத்தில் சிலிக்கான் பேஸ்ட் போட்டு ஏதாவது கேஸ்கெட் வேலை பார்த்தீர்களா என்று கேட்டார்கள், அதனாலும் சிலிக்கான் ஏறுமாம். இல்லை என்றேன். அப்படியென்றால் அலுமினியமும் கூடவே ஏறியிருப்பதால் இது மண்தூசிதான், காற்று போகும் வழியைப் பாருங்கள் என்றார்கள்.

ஏர் பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றினோம். மேலே பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. கிளாம்ப்பைத் தளர்த்தித் திருப்பினால், சேஸிஸ் பக்கம் பார்த்த அடிப்பாகத்தில் ஒரு நகம் நீளத்துக்கு வெடிப்பு. உள்ளே விரலை விட்டு எடுத்தேன். திருநீறு பூசியது போல விரல் முழுக்க வெள்ளைச் சாம்பல் நிறத் தூள். பில்டரைத் தாண்டி இந்த வழியாகத்தான் கிரஷர் தூசி நேராக இன்ஜினுக்குள் போயிருக்கிறது. ஹோஸும் இரண்டு கிளாம்ப்பும் மாற்றி, ஆயிலையும் ஆயில் பில்டரையும் அன்றைக்கே மாற்றினோம். மூன்றாவது ரிப்போர்ட்டில் சிலிக்கான் 14, இரும்பு 41. என் பழைய வண்டி இப்படித்தான் தூசி தின்று லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் போய் மூன்று வாரம் பட்டறையில் நின்றது. அன்றைக்கு இந்த டெஸ்ட் தெரிந்திருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

லேப் மீது குறையும் உண்டு. ரிப்போர்ட் வர 11 நாள் ஆனது, இன்ஜின் தேயும்போது 11 நாள் அதிகம். ஒரு தடவை அவர்கள் அனுப்பிய பாட்டில் மூடி சரியில்லாமல் கூரியரில் கசிந்து, சாம்பிள் மறுபடி எடுக்க வேண்டி வந்தது. ரிப்போர்ட்டில் "ஆயிலை மாற்றி மறுபடி சோதிக்கவும்" என்று ஒரு வரிதான் இருக்கும். போன் செய்தால்தான் விளக்கம் கிடைக்கும், ஆனால் போனில் பொறுமையாகச் சொல்கிறார்கள்.

சாம்பிள் எடுப்பதில் கவனம் வேண்டும். வண்டி ஓடி வந்து நின்ற சூட்டோடு எடுக்க வேண்டும், தேய்ந்த துகளும் அழுக்கும் அடியில் தங்குவதற்கு முன்னால். டிப்ஸ்டிக் ஓட்டை வழியாகச் சின்ன கைப்பம்ப் வைத்து உறிஞ்சுவது சுத்தம். டிரெயின் போல்ட்டைக் கழற்றி எடுத்தால் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள். தண்ணீர் பாட்டிலைக் கழுவி ஊற்றி அனுப்பாதீர்கள், ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு சிட்டிகை மண்ணும் போதும், ரிப்போர்ட்டே கெட்டுவிடும். நடுவில் எத்தனை லிட்டர் டாப்-அப் செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், புது ஆயில் சேர்ந்தால் எண்கள் குறைந்து காட்டும்.

இன்னொன்று. லேபில் உள்ள மெஷின் பொடித் துகளைத்தான் அளக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற சில்லுகளைப் பிடிக்காது. அதனால் ஆயில் பில்டரை அறுத்து விரித்து மடிப்புக்குள் மினுக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதை நாங்கள் விடவில்லை.

நாலாவது ரிப்போர்ட் போன வாரம் வந்தது. தூசி, இரும்பு எல்லாம் சரி. செம்பு மட்டும் 12-லிருந்து 27-க்கு ஏறியிருக்கிறது. ஈயம் அசையவில்லை, அதனால் பேரிங்காக இருக்காது, ஆயில் கூலரிலிருந்து வரலாம் என்கிறார்கள். 5,000 கிலோமீட்டர் ஓடியதும் அடுத்த சாம்பிள் அனுப்பப் போகிறேன். பாட்டில் கேபினில் தயாராக இருக்கிறது.